பழைய கேஸ் கிரில்லுக்கு மறுவாழ்வு: மாற்றி அமைத்த பாகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்கரம் ஒன்று உடைந்திருக்கும். மூடியைத் திறந்தால் எலிக்கூடு. அடியில் கையை வைத்தால் துரு உதிரும். இப்படி ஒரு கேஸ் கிரில்லை, அதாவது வாயுத் தீயில் உணவை வாட்டும் அடுப்பை, யாரோ வேண்டாம் என்று ஒதுக்க, "இதைச் சரிபண்ணிவிடலாம்" என்று நீங்கள் இழுத்து வந்திருக்கிறீர்கள். அதன் ஒரிஜினல் பாகங்கள் பல இன்று செய்யப்படுவதே இல்லை. அதனால் வேறு மாடலுக்கான பாகத்தை வெட்டியோ வளைத்தோ பொருத்தப் பார்க்கிறீர்கள். அந்த இடத்தில் எழும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய கிரில்லில் அப்படி என்ன இருக்கிறது? புதிதாக ஒன்று வாங்கிவிட்டால் என்ன?

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பழைய நல்ல கிரில்களின் அடிப்பெட்டி கனமான வார்ப்பு அலுமினியம். அலுமினியத்துக்குச் சிவப்புத் துரு கிடையாது. முப்பது வருடம் மழையில் நின்றாலும் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும், உள்ளே உலோகம் திடமாக இருக்கும். இன்று வரும் மலிவான கிரில்களில் அந்த இடத்தில் மெல்லிய இரும்புத் தகடுதான். மடிப்பு மடிப்பாகத் துருப்பிடித்து ஐந்தாறு வருடத்தில் ஓட்டையாகிவிடும். 1985இல் வந்த வெபர் ஜெனிசிஸ் என்ற அமெரிக்க கிரில் போன்றவற்றை இன்றும் ஆட்கள் தேடிப்பிடித்துச் சரிசெய்வதற்கு இதுதான் காரணம். பர்னர், தகடு, கம்பி எல்லாம் தேய்ந்து மாறக்கூடியவை. பெட்டிதான் கிரில்.

எந்தக் கிரில்லை எடுக்கலாம், எதை அப்படியே விட்டுவிட வேண்டும்?

முதலில் அடிப்பெட்டியைப் பாருங்கள். கொழுப்பை எல்லாம் சுரண்டிவிட்டு உள்ளே ஒரு விளக்கை வைத்து, இருட்டில் வெளியிலிருந்து பார்த்தால் விரிசல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெட்டி விரிந்திருந்தால் அல்லது ஒரு மூலை உருகி வழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். உருகுமா என்று கேட்பீர்கள். உருகும். சுத்தமான அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், வார்ப்புக் கலவைகள் 600க்கும் கீழேயே இளக ஆரம்பிக்கும். உள்ளே தேங்கிய கொழுப்பு தீப்பிடித்தால் அந்தச் சூடு சர்வசாதாரணம்.

அடுத்தது தாங்கும் சட்டம், குறிப்பாகக் கால்களின் அடிப்பாகமும் சிலிண்டர் உட்காரும் இடமும். இரும்புக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் அழகாகத்தான் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு வெல்டிங் வைக்க வேண்டும். அது செய்யக்கூடிய வேலைதான். மற்ற எல்லாவற்றையும், பர்னர் இல்லையென்றாலும்கூட, நான் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

எந்தப் பாகத்தை மாற்றி அமைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

இதற்கு நான் ஒரே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்: தீக்கு முன்னால், தீக்குப் பின்னால்.

சிலிண்டரில் கிளம்பும் வாயு ரெகுலேட்டர், ஹோஸ், மேனிஃபோல்டு (வால்வுகளுக்கு வாயுவைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்), வால்வு, ஜெட் (வாயுவைப் பீய்ச்சும் சிறு துளையுள்ள பித்தளை முனை) எல்லாம் கடந்து பர்னரின் துளை வழியாக வெளியே வருகிறது. அதுவரை உள்ளது தீக்கு முன்னால். அங்கே வெட்டுவது, ஒட்டுவது, துளையிடுவது எதுவும் கூடாது. அந்தக் கிரில்லுக்கென்று வந்த பாகம், அல்லது அளவும் வாயு வகையும் பொருந்துவதாகச் சான்று உள்ள பாகம், இரண்டில் ஒன்றுதான். தீ வெளியே வந்த பிறகு அது படும் தகடு, கம்பி, கொழுப்புத் தட்டு, மூடி, கைப்பிடி, மேசைப் பலகை, சக்கரம் எல்லாம் தீக்குப் பின்னால். அங்கே உங்கள் இஷ்டம். அளவு தவறினால் தகடு ஆடும், அவ்வளவுதான். முன்னால் தவறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பர்னர் மட்டும் இந்தக் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

அதே மாடல் பெயர் போட்டுத்தான் வாங்கினேன், பாகம் பொருந்தவில்லை. ஏன்?

மாடல் பெயர் ஏமாற்றும். வெபர் ஜெனிசிஸ் இ-310 நல்ல உதாரணம். 2010 வரை வந்ததில் குமிழ்கள் (தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள்) வலது பக்கத்தில் இருக்கும், பர்னர் இடமிருந்து வலமாக ஓடும். 2011இலிருந்து குமிழ்கள் முன்பக்கம் வந்துவிட்டன, பர்னர் முன்னிருந்து பின்னாக ஓடும். பெயர் ஒன்றுதான், ஆனால் பர்னரும் தகடும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

அதனால் பெயரை நம்பாமல் டேப்பை நம்புங்கள். பர்னரின் மொத்த நீளம், குழாயின் வெளி விட்டம், பெட்டியின் உள் நீள அகலம், தகடு உட்காரும் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம், இந்த நான்கையும் மில்லிமீட்டரில் குறித்துவிட்டு அப்புறம் தேடுங்கள். பழைய பர்னர் எவ்வளவு மட்கியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். புதியது சரியாக உட்காரும்வரை அதுதான் உங்கள் அளவுகோல். நான் ஒரு முறை பழைய இரும்புக்கு அதைப் போட்டுவிட்டு, பிறகு பத்து நாள் ஊகத்தில் அலைந்தேன்.

வேறு மாடலின் பர்னரை வெட்டிப் போடலாமா?

வாயு ஓடும் குழாயை வெட்டக் கூடாது என்பதுதான் பதில். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கை ஊறும் இடம் இது.

பர்னர் என்பது ஓட்டை போட்ட வெறும் குழாய் இல்லை. ஜெட்டிலிருந்து பீய்ச்சும் வாயு, குழாயின் வாயில் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு பங்கு புரோபேன் (சிலிண்டரில் இருக்கும் வாயு) முழுதாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். அதில் ஒரு பகுதி குழாய்க்குள்ளேயே கலந்துவிட வேண்டும், மிச்சத்தைத் தீ வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். எவ்வளவு காற்று உள்ளே வரும் என்பதை வாயின் அகலம், குழாயின் நீளம், துளைகளின் மொத்தப் பரப்பு மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. முனையை வெட்டி அடைத்தால் பத்துப் பன்னிரண்டு துளை போய்விடும். அதே அளவு வாயு குறைவான துளை வழியாக வெளியேற வேண்டியிருப்பதால் உள்ளே எதிரழுத்தம் கூடும், காற்று உள்ளே வருவது குறையும், தீ மஞ்சளாகிப் புகையும். துளை போதவில்லை என்று டிரில் எடுத்துக் கூடுதலாகப் போட்டால் நேர்மாறு. கலவை மெதுவாக வெளியேறும், தீ துளை வழியாக உள்ளே திரும்பி ஜெட்டின் வாயில் எரிய ஆரம்பிக்கும். குமிழ் பக்கம் உறுமல் சத்தம் கேட்டால் அதுதான். உடனே சிலிண்டரை மூடுங்கள்.

சரி, எதைச் செய்யலாம்? வாயு ஓடாத இடத்தைத் தொடலாம். குழாயின் மூடிய முனைக்கு அப்பால் இருக்கும் தட்டையான காதை நீட்டலாம், வளைக்கலாம், அதில் போல்ட் துளையை நகர்த்தலாம். பெட்டியில் அதைத் தாங்க எவர்சில்வரில் ஒரு அடைப்புத் துண்டு செய்து வைக்கலாம். நீளத்தை இழுத்துச் சரிசெய்துகொள்ளும்படி செய்யப்பட்ட பொதுப் பர்னர்களும் கிடைக்கின்றன. அவை அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை, அந்த அளவு வரம்புக்குள் பயன்படுத்தலாம்.

பொருத்தும்போது மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஜெட்டின் மூக்கு குழாயின் வாய்க்குள் நேராகவும் நடுவாகவும் நுழைந்திருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் வாயு வெளியே சிந்தி, கட்டுப்பாட்டுப் பலகைக்கு அடியில் பற்றிக்கொள்ளும், குமிழ்கள் உருகும். இரண்டாவது, துளைகள் பழைய பர்னரில் எந்தத் திசையைப் பார்த்தனவோ அதே திசையைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, ஒரு பர்னரிலிருந்து அடுத்ததற்குத் தீ தாவும் குறுக்குக் குழாய் இருந்தால் அதன் துளைகளுக்கு நேராகப் பர்னரின் துளை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இரண்டாவது பர்னர் உடனே பற்றாது. வாயு தேங்கி, பிறகு ஒரே வீச்சில் "பூம்" என்று பற்றும். புருவம் போகும்.

பர்னர் புதிது, ஆனாலும் தீ மஞ்சளாக வருகிறது. என்ன செய்வது?

முதல் சந்தேகம் சிலந்தி. குழாயின் வாய்க்குள் வலை பின்னுவதில் சில சிலந்திகளுக்குத் தனி மோகம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையே காற்றை மறிக்கப் போதும். நீளமான பாட்டில் பிரஷ்ஷால் ஒரு முறை தள்ளிச் சுத்தம் செய்யுங்கள். வாயில் சிறு கம்பிவலை மாட்டியிருந்தால் அது சிலந்திக்காகத்தான், கழற்றிப் போடாதீர்கள்.

அப்புறம் காற்று மூடி. வாயருகே திருகினால் திறந்து மூடும் ஒரு வளையம் பல பர்னர்களில் இருக்கும். மஞ்சள் என்றால் கொஞ்சம் திறங்கள். தீ துளையை விட்டு எழும்பி இரைச்சலோடு எரிந்தால் கொஞ்சம் மூடுங்கள். நீலத் தீயின் நுனியில் லேசாக மஞ்சள் தெரிந்தால் பரவாயில்லை.

சூடு போதவில்லை. ஜெட்டின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா?

கூடாது. "கொஞ்சம்" என்பது இங்கே இல்லை. போகும் வாயு துளையின் விட்டத்தைப் பொறுத்தல்ல, பரப்பைப் பொறுத்து. ஒரு மில்லிமீட்டர் துளையை 1.2 மில்லிமீட்டர் ஆக்கினால் வாயு 44 சதவீதம் கூடிவிடும். பர்னரும் பெட்டியும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அடைபட்ட ஜெட்டைக் கம்பியால் குத்துவதும் இதே தவறுதான். பித்தளை மென்மையானது, எவர்சில்வர் ஊசி அதன் விளிம்பைத் தேய்த்துவிடும். கழற்றி, சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காற்றால் ஊதுங்கள். மரத்தாலான பல்குத்தி வேண்டுமானால் சரி.

இயற்கை எரிவாயுவுக்கான கிரில் கிடைத்தது. ஜெட்டை மட்டும் மாற்றி சிலிண்டரில் ஓட்டலாமா?

ஒரே கன அளவில் புரோபேனுக்கு இயற்கை எரிவாயுவைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் உண்டு. அழுத்தமும் வேறு. அதனால் இயற்கை எரிவாயு ஜெட்டின் துளை பெரிது. அதே ஜெட்டோடு புரோபேனை விட்டால் தீ மூடிக்கு மேலே வரும். ஜெட்டோடு சேர்த்து ரெகுலேட்டர், காற்று மூடி, வால்வின் சிம் அளவு எல்லாம் மாற வேண்டும். பல தயாரிப்பாளர்கள் இந்த மாற்றத்தையே ஏற்பதில்லை. அந்த மாடலுக்கென்று மாற்றுத் தொகுப்பு வந்திருந்தால், உரிமம் உள்ள கேஸ் ஃபிட்டரிடம் கொடுங்கள். இல்லையென்றால் அந்தக் கிரில்லை இயற்கை எரிவாயு வரும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பழைய ஹோஸும் ரெகுலேட்டரும் பார்க்க நன்றாக இருக்கின்றனவே?

பார்க்க நன்றாக இருப்பதை நம்பாதீர்கள். பழைய கிரில் என்றால் இந்த இரண்டும் புதிது, கேள்வியே இல்லை. வெயில் நாளில் புரோபேன் சிலிண்டருக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு இருக்கும். ரெகுலேட்டர் அதை 11 அங்குல நீர் உயர அழுத்தத்துக்கு, அதாவது சுமார் 0.027 பாருக்குக் கொண்டுவருகிறது. அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் சவ்வு. இருபது வருட ரப்பரை நம்பி எத்தனை பேர் சுற்றி நிற்கப்போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் செய்த பழைய கிரில்களில் சிலிண்டர் இணைப்பு இடது மரையில் இருக்கும், அதாவது எதிர்த்திசையில் திருக வேண்டும். அந்த வகை முனையைப் புதிய சிலிண்டருக்குப் பொருத்த இடையில் அடாப்டர் மேல் அடாப்டர் போடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சிலிண்டருக்கும் நாட்டு விதிக்கும் ஏற்ற ரெகுலேட்டரையும் ஹோஸையும் மொத்தமாக வாங்கி மாட்டுங்கள். இன்னொன்று: கூம்பு முகம் கொண்ட ஃப்ளேர் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அங்கே உலோகம் உலோகத்தோடு அமர்ந்துதான் அடைக்கிறது, மரை அடைப்பதில்லை. சாய்வு மரையில் (நுனியை நோக்கிக் குறுகும் மரை) மட்டும் வாயுவுக்கான டேப்.

கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் சரிபாதி கலந்து பிரஷ்ஷால் தடவுங்கள். எல்லாக் குமிழும் மூடியிருக்க, சிலிண்டரை மெதுவாகத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் முட்டை முட்டையாக நுரை வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் மூடிவிட்டு இறுக்குங்கள், மீண்டும் தடவுங்கள். தீக்குச்சியால் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களோடு சேராதீர்கள். புரோபேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். கசிந்தது மேலே போகாது, தரையில் பள்ளம் பார்த்துத் தேங்கும். இந்தச் சோதனையும், கிரில்லை எரிப்பதும் திறந்த வெளியில்தான். கார் ஷெட்டின் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பர்னருக்கு மேலே வரும் வெப்பத் தகட்டை நானே செய்யலாமா?

தாராளமாக. மாற்றி அமைக்கும் வேலையில் மனத்துக்கு நிறைவான பகுதி இதுதான். கவிழ்த்த "வி" வடிவத்தில் பர்னருக்கு மேல் கூரை மாதிரி நிற்கும் தகடு. சொட்டும் கொழுப்பைப் பர்னரில் விழாமல் தடுக்கும், சூட்டைப் பரப்பும், விழுந்த சொட்டை ஆவியாக்கிப் புகை கொடுக்கும்.

உலோகம் 304 ரக எவர்சில்வராக இருக்கட்டும். இதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். கடையில் "எவர்சில்வர்" என்று விற்கும் பல தகடுகள் 430 ரகம், அதில் நிக்கல் கிடையாது, சீக்கிரம் துருப்பிடிக்கும். வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருங்கள். 430இல் நன்றாக ஒட்டும், 304இல் ஒட்டாது. வளைத்த மடிப்பில் மட்டும் 304கூட லேசாக இழுக்கும், அதைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

தடிமன் 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் வருடக்கணக்கில் வளையாது. 18 கேஜ், 1.27 மில்லிமீட்டர், போதும். அதற்கும் மெல்லியது சூட்டில் நெளிந்து விளிம்பிலிருந்து நழுவிக் கீழே விழும். 16 கேஜைக் கையால் வளைக்க முடியாது. பட்டறையில் வளைக்கும் மெஷினில் இரண்டு நிமிட வேலை. அட்டையில் ஒரு மாதிரி வெட்டிக் கொண்டுபோனால் பட்டறைக்காரர் உங்களை வாழ்த்துவார்.

நீளத்தைச் சரியாக அளந்து, சரியாக வெட்டாதீர்கள். முரணாகத் தெரிகிறதா? 304 சூட்டில் நன்றாகவே நீளும். 600 மில்லிமீட்டர் தகடு 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். பெட்டியின் இரு சுவருக்கும் இடையே இறுக்கமாக வெட்டி வைத்தால் வளர இடமில்லாமல் வில்லாக மேலே எழும்பும். நாலைந்து மில்லிமீட்டர் குறைவாக வெட்டுங்கள்.

கால்வனைஸ்டு தகடு கைவசம் இருக்கிறது. அதைப் போட்டால்?

வேண்டாம். அதன்மேல் பூசியிருப்பது துத்தநாகம், 419 டிகிரியில் உருகிவிடும். பர்னருக்கு மேலே அந்தச் சூடு எளிதில் வரும். அதன் புகை உடம்புக்கு ஆகாது, உணவில் படவே கூடாது. துத்தநாகம் பூசிய போல்ட், வாஷர், கம்பிவலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சூடு படாத சட்டத்தில் போடலாம், பெட்டிக்குள் கூடாது.

பழைய கிரில்லில் எரிமலைக் கல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுத் தகடு போடலாமா?

போடலாம், நானும் அதையே செய்வேன். கல்லில் உள்ள நுண்துளைகள் கொழுப்பைக் குடித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் மொத்தமாகக் கொளுத்திவிடும். கல்லைத் தாங்கிய கம்பிச் சட்டத்தை அப்படியே வைத்து, அதன்மேல் "வி" தகடுகளை விரலளவு இடைவெளி விட்டு வரிசையாக வைத்தால் போதும். முழுவதையும் ஒரே பெரிய தகடாக மூடிவிடாதீர்கள். சூடான காற்று மேலே போக வழியில்லாமல் சூடு பர்னர்மேலேயே திரும்பும், வால்வுவரை காயும்.

மேலே வாட்டும் கம்பிக்கு எது நல்லது?

வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் எண்ணெய் தடவிப் பராமரிக்கச் சோம்பல்பட்டால் துரு. 304இல் 8 மில்லிமீட்டர் உருளைக் கம்பி எனக்குப் பிடித்தது. வேறு கிரில்லின் கம்பியை வெட்டிப் பொருத்துவதாக இருந்தால் எவர்சில்வரையோ பூச்சில்லாத வார்ப்பிரும்பையோ மட்டும் வெட்டுங்கள். பீங்கான் எனாமல் பூசியதை வெட்டினால், வெட்டிய இடத்திலிருந்து பூச்சு சில்லுச் சில்லாக உதிரும். வெட்டிய முனையை அரத்தால் மழுக்கிவிடுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பிறகு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். உதிர்ந்த பிரஷ் கம்பி உணவோடு தொண்டைக்குப் போன சம்பவங்கள் உண்மையானவை.

மூடியின் உட்பக்கம் பெயிண்ட் உரிகிறது. மீண்டும் பூச வேண்டுமா?

அது பெரும்பாலும் பெயிண்டே இல்லை. வருடக்கணக்கில் படிந்த புகையும் கொழுப்பும் கரியாகிச் செதிலாக உரிகிறது. பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். உட்பக்கம் எதையும் பூசாதீர்கள்.

வெளியே வார்ப்பு அலுமினியப் பகுதிகளுக்கு 650 டிகிரி தாங்கும் ஸ்ப்ரே பெயிண்ட் போடலாம். உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, மெல்லியதாக இரண்டு மூன்று கோட். இந்த வகைப் பெயிண்ட் காய்ந்தால் மட்டும் போதாது, சூடு பட்டால்தான் இறுகும். டப்பாவில் எழுதியிருக்கும் சூட்டு வரிசையைத் தவறாமல் செய்யுங்கள். மூடியில் பீங்கான் எனாமல் இருந்தால் அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள், மணல் வீச்சும் கூடாது. நல்ல எனாமல் வெறும் சோப்பிலும் கார் பாலிஷிலும் கண்ணாடி மாதிரி வந்துவிடும்.

ஓவன் கிளீனர் அடித்தேன், பெட்டி கறுத்துவிட்டது. ஏன்?

பெரும்பாலான ஓவன் கிளீனரில் காஸ்டிக் சோடா இருக்கும். அது கொழுப்பைக் கரைக்கும், கூடவே அலுமினியத்தையும் அரிக்கும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். எனாமல் பூசிய இரும்புக்கு அது சரி, வெறும் அலுமினியத்துக்குப் பகை. நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கறுப்பு மேலோட்டமாக இருந்தால் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாம். குழி விழுந்திருந்தால் அதோடு வாழப் பழகுங்கள். அடுத்த முறை சூடான தண்ணீர், சோப்பு, சுரண்டி, பொறுமை.

போல்ட் எதுவும் அசையவில்லை. திருகினால் முறிகிறது.

இரும்பு போல்ட்டும் அலுமினியப் பெட்டியும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று அரித்து, மரையே ஒன்றாகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே விட்டு வையுங்கள். மறுநாள் சுத்தியலால் போல்ட்டின் தலையில் நாலு தட்டு. பிறகு கழற்றும் திசையில் திருகாமல் முதலில் இறுக்கும் திசையில் ஒரு சின்ன அசைவு. அந்த அசைவு வந்துவிட்டால் பாதி வென்றாயிற்று. அசையவில்லையென்றால், வாயு பாகங்களை எல்லாம் கழற்றி எடுத்து, விட்ட எண்ணெயையும் துடைத்துவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால் பிடி தளரும்.

முறிந்துவிட்டால் நடுவில் புள்ளி குத்தி, சிறிய டிரில்லில் ஆரம்பித்துப் படிப்படியாகத் துளைத்து, ஒரு அளவு பெரிய மரை போட்டுக்கொள்ளலாம். திரும்பப் பூட்டும்போது எவர்சில்வர் போல்ட், அதன் மரையில் அதிகச் சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பசை (மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது). இதைத் தடவாமல் எவர்சில்வரை அலுமினியத்தில் பூட்டினால் இன்னும் பத்து வருடத்தில் யாரோ ஒருவர் உங்களைத் திட்டிக்கொண்டு எண்ணெய் விடுவார்.

மரப் பலகை, குமிழ், பற்றவைக்கும் பொத்தான் இவற்றுக்கு என்ன மாற்று?

பழைய ஜெனிசிஸ் போன்றவற்றில் பக்க மேசை மரச்சட்டங்களால் ஆனது. தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசை உள்ள, மழை தாங்கும் எந்த மரமும் பொருந்தும். அடிப்பக்கமும் வெட்டுமுனைகளும் உட்பட ஆறு பக்கமும் எண்ணெய் பூசிவிட்டு மாட்டுங்கள். எல்லாரும் முனையைத்தான் மறப்பார்கள், மட்குவது அங்கேதான்.

குமிழை 3டி பிரிண்டரில் செய்கிறேன் என்று வருபவர்களுக்கு: பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். வால்வின் தண்டில் வழுக்கினால் தீயை அணைக்கவே முடியாது. சூடு தாங்கும் குமிழை வாங்குங்கள், தண்டின் தட்டைப் பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். அணைத்த நிலை எது என்பது மாறிப்போகக் கூடாது. பொத்தான் பற்றவைப்பானுக்கு பேட்டரியில் ஓடும் பொதுத் தொகுப்பு போதும். மின்முனைக்கும் பர்னருக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் விடுங்கள்.

எல்லாம் புதிது. ஆனாலும் 150 டிகிரியைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று எடுத்தவுடன் கழற்றாதீர்கள். சில வகை இணைப்புகளில், குறிப்பாக அமெரிக்க கிரில்களில், ஹோஸ் அறுந்தால் வாயு கொட்டாமலிருக்க ஓட்டத்தை ஒடுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கும். கிரில்லின் குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, சிலிண்டரைப் படக்கென்று முழுதாகத் திறந்தாலோ அது கசிவு என்று நினைத்து ஒடுங்கிவிடும். எல்லாக் குமிழையும் மூடி, சிலிண்டரையும் மூடி, இணைப்பைக் கழற்றி, சில நிமிடம் விட்டு மீண்டும் மாட்டுங்கள். சிலிண்டரை மெதுவாகத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, ஒரு குமிழை மட்டும் திறந்து பற்றவையுங்கள். பத்தில் பாதிப் பேருக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும் என்பது என் அனுபவம். மூடியில் உள்ள வெப்பமானியையும் சோதித்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் அதன் முனையை வைத்தால் 100 டிகிரிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

முதல் முறை பற்றவைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மூடி திறந்திருக்க வேண்டும். இது முதல் விதி, மூடிய பெட்டிக்குள் வாயு நிறைந்தால் மூடியே பறக்கும். ஐந்து விநாடியில் பற்றாவிட்டால் குமிழை மூடி, ஐந்து நிமிடம் விலகி நின்றுவிட்டு மீண்டும் முயலுங்கள். பற்றியதும் தகடுகளை வைக்காமல் ஒவ்வொரு பர்னரின் தீயையும் முழு நீளத்துக்கும் பாருங்கள். பகலில் நீலத் தீ கண்ணுக்குத் தெரியாது, அந்தி நேரமே வசதி. தீ சரி என்றால் அணைத்து, ஆறவிட்டு, தகடும் கம்பியும் வைத்து, இம்முறை அரை மணி நேரம் முழுச் சூட்டில் வெறுமனே எரியவிடுங்கள். வெட்டும்போது பட்ட எண்ணெய், பெயிண்ட் வாடை எல்லாம் போகும், கொஞ்சம் புகையும். ஆறிய பிறகு கொழுப்புத் தட்டை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். சூட்டில் பெட்டி விரிந்த பிறகு அது சிக்கிக்கொள்கிறதென்றால், ஓரத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அப்புறம் சமைக்கலாம்.